எர்ணாவூர் மாடியில் ஒரு பம்பளிமாஸ்

பிற்பகல் 2.10. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகரில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர், இருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகள் மனது வைத்தால்தான் வண்டி நகரும். பம்பளிமாஸ் பார்க்கப் போகிறேன் என்றதும் டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர்மீது தப்பில்லை. சாத்துக்குடிக்கு உறவுக்காரப் பழம், ஆனால் தலையளவு பெரியது, தோலும் கனம். உரிக்கச் சோம்பல்பட்டே நாம் அதை மறந்துவிட்டோம்.

3.15. மொட்டைமாடியில் நீல டிரம்மில் மரம் நின்றது. வளர்ப்பவர் தேவி, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். பெட்டி சுமந்து முழங்கால் போய்விட்டது. இந்த மரத்தில் பதியம் போட்டுப் பத்து டிரம் வளர்த்து, பக்கத்துக் கம்பெனி வாசலில் உட்கார்ந்து சுளை விற்க வேண்டும், அதோடு மீனுக்கு முழுக்குப் போட வேண்டும் என்பது அவர் திட்டம். எனக்குப் பிடித்துப்போனது. நீரும் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் நிறைந்த பழம், வெயிலில் உழைப்பவர்களுக்கு நல்லது. சர்வரோக நிவாரணி என்று அளக்க மாட்டேன். கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

போன வருடம் நான்கு பழம் காய்த்ததாம். இப்போது பிஞ்செல்லாம் உதிர்ந்து, இலை நுனிகள் கருகியிருந்தன. எல்லாம் கம்பெனிப் புகை என்றார் தேவி. பதியம் போட நல்ல கிளை ஒன்றுகூட இல்லை என்று வருத்தப்பட்டார். பல வருடம் நர்சரியில் வேலை பார்த்த நானும் புகைமேல்தான் பழியைப் போட்டிருப்பேன். அதற்குள் அவர் ஒரு வாளியைத் தூக்கி வேரில் ஊற்றினார். மீன் பெட்டியில் உருகிய ஐஸ் தண்ணீர். இந்தப் பக்கத்து வீடுகளில் மீன் கழுவிய தண்ணீர்தான் செடிக்கு உரம். ஆனால் பெட்டித் தண்ணீர் வேறு. மீன் கெடாமலிருக்க ஐஸோடு கல்லுப்பும் தூவுவது தேவியின் வழக்கம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு.

பம்பளிமாஸுக்கு உப்பு ஆகாது; டிரம்மில் அது சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தயங்கித்தான் சொன்னேன். தேவி வாளியைக் கீழே வைத்தார்.

"அப்போ நாந்தான் இத்த சாவடிச்சிகினு கீறனா?"

பட்டையை லேசாகக் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினேன். டிரம்மின் அடியில் அடைத்திருந்த ஓட்டையைத் திறந்து, நல்ல தண்ணீர் நிறைய விட்டு உப்பைக் கழுவினால் பிழைக்கலாம் என்றேன். அவர் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். மழைக்காலம் வரை பொறுக்குமா என்று கேட்டார். பொறுக்காது என்றேன்.

4.30. கீழே போனவர், காலையில் பிடித்து வைத்திருந்த ஆறு குடங்களில் ஒன்றோடு முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை; மீதி ஐந்தையும் நானே தூக்கினேன். தாம்பரத்தில் என் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர். அதற்கு இவ்வளவு கனம் உண்டென்பதே மறந்திருந்தது. ஆறு குடமும் டிரம்முக்குள் போய், அடியில் திறந்துவிட்ட ஓட்டை வழியே பழுப்பாக வழிந்தன. குடிக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க கேன் வாங்கிக்குவோம் சார். இது எங்க போயி வாங்கும்?"