நான் குடிக்காத கடற்பாசிக் கஷாயம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஆறு, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். ராசிபுரத்தில் தறிக்காரர் வீடு எங்களுடையது. என்னைப்போல் காய்ச்சலில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் காலையில் கொண்டை போட முடியவில்லை. விரல் மடங்க மறுத்தது. பொழுது சாய்வதற்குள் காய்ச்சல். மறுநாள் மேலெல்லாம் செம்புள்ளி. அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகச் சொன்னேன். மருமகள் சரோஜாவும் அப்படியே படுத்தாள்.

மகன் செங்கோடன் லாரி ஓட்டுகிறான். ராமநாதபுரம் பக்கமிருந்து கருவாடு ஏற்றி வந்தவன், காய்ந்த கடற்பாசி ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.

“இந்தக் காய்ச்சலைக் கொல்லுதாம்மா. கடக்கரைக்காரரு ஒருத்தரு சொன்னாருங்க.”

“அவரு காய்ச்சலைப் பாத்தாரா, உன்ற பையைப் பாத்தாரா?” என்றேன்.

காய்ச்சிய கஷாயம் கருவாடு நாறியது. சரோஜா குடித்தாள். நான் தொடவில்லை.

சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். கொசு கடித்து வருகிற வைரஸ் (கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமி) காய்ச்சல், அம்மை இல்லை என்றார் டாக்டர். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாதாம். கஞ்சியும் தண்ணீரும் ஓய்வும்தானாம். பாசியைப் பற்றிக் கேட்டேன்.

“பாசிச்சாறு சில கிருமிங்களைத் தடுக்குதான்னு கோழிமுட்டைக்குள்ள வெச்சுச் சோதிக்கிறாங்கம்மா. மனுசங்களுக்கு ஆகுமான்னு இன்னும் தெரியாது.”

“முட்டை பொழைச்சு எந்திரிச்சா சொல்லி அனுப்புங்க, வாரேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார்.

குடித்தவளுக்கும் குடிக்காத எனக்கும் காய்ச்சல் ஒரே வாரத்தில் விட்டது. மூட்டு வலி மட்டும் இருவருக்கும் விடவில்லை. ஆனால் செங்கோடன், பாசிதான் அம்மாவை எழுப்பியது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்.

அடுத்த வீட்டுப் பாவாயி பாசி கேட்டு வந்தாள். அவள் புருஷனுக்குக் காய்ச்சல்; மூக்கில் ரத்தம் வேறு.

“ஆஸ்பத்திரி எதுக்குங்கத்தை? நீங்களே இதுலதான எந்திரிச்சீங்க?”

“நான் நாக்குல கூட வெக்கலடி! ரத்தம் வருதுங்கற, இங்க நின்னு பேசற. மொதல்ல அவனை பஸ் ஏத்து!”

ஏற்றினாள். பல நாள் வார்டில் கிடந்து, பாதி உடம்பாக அவன் திரும்பி வந்தான். வந்தானே, அது போதும்.

பாசியை நான் பழிக்கவில்லை. ஒரு நாள் அது மருந்தாகலாம். ஆகும்வரை அதை நம்பி யாரும் வீட்டில் படுத்திருக்க வேண்டாம்.

இப்போதும் காலையில் கை என் கையாக இருப்பதில்லை. முற்றத்தில் வெயில் விழுந்த பிறகு ஒவ்வொரு விரலாகத் திறக்கிறது. ஊருக்கு விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் எனக்கு விடிகிறது.

என் கோணல் எழுத்தைச் செங்கோடன்தான் நல்ல தாளில் எழுதித் தந்தான். அதுதான் மனசு ஒப்பவில்லை. எனக்குக் கண் மங்கல்; பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

“இங்க வா சாமி. இதை முழுசாப் படிச்சுக் காட்டு. நான் குடிச்சேன்னு உங்கப்பன் எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கானான்னு பாக்கோணும்.”