உள்ளங்கால் பார்க்கும் நினைவுநாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பாறசாலையில் என் தம்பி வீட்டு முன்கூடத்தில் சிறியவர், பெரியவர் என்று பாராமல் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள் – என்னைத் தவிர.

இது என்ன கூத்து என்கிறீர்களா? மறைந்த தம்பி செல்வதாசின் நினைவுநாள் வழக்கம். செபம், மதிய உணவு, பிறகு உள்ளங்கால் ஆய்வு! அவன் மனைவி ரோஸ்லி கைபேசி விளக்குடன் ஒவ்வொரு பாதமாகப் பார்த்துக்கொண்டு வருவாள்.

தம்பி பூவாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டியவன். அவனுடைய உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி தோன்றியபோது வீடே மகிழ்ந்தது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் கடக்கும் யோகம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை அல்லவா? அவனோ, "நான் எதுக்கு வெளிநாட்டுக்குப் போணும்? வெளிநாடு எனக்க படகுல வந்து ஏறுது... அதாக்கும் யோகம்!" என்று சிரிப்பான்.

புள்ளி படர்ந்தது. வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. ஓரம் கோணலாகி, குருதி கசிந்த பிறகே மருத்துவரிடம் சென்றோம். மெலனோமா... தோலில் தோன்றும் கொடிய புற்றுநோய். நம்மைப் போன்ற நிறத்தாருக்கு அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும்கூட வரும் என்று அன்றுதான் அறிந்தோம். தொடக்கத்திலேயே கண்டால் வெட்டி எடுத்துவிடலாமாம். நாங்களும் தொடக்கத்திலேயே கண்டோம் – கண்டு பெருமைப்பட்டோம்!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். எல்லாரையும் பார்த்து முடித்த ரோஸ்லி என் முன் வந்து நின்றாள்.

"அண்ணா, காலை நீட்டுங்க."

தம்பி மனைவியின் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதா? பிறர் எதிரில் காலை மடக்கி அமரவேண்டும் என்று வகுப்பறையில் ஆயுள் முழுதும் கற்பித்தவன் நான்! "எனக்கு ஒன்றும் இல்லையம்மா" என்றேன்.

"அதென்ன, அண்ணனுக்க காலு மட்டும் தங்கத்துல செஞ்சதா?"

என் மனைவிக்கு இது போதாதா? "விடாத ரோஸ்லி! இந்த மனுசன் எனக்கே காட்டினது இல்ல, பாத்துக்க."

கூடம் குலுங்கியது. ரோஸ்லி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சு சிரிச்சே ஒரு ஆளக் குடுத்தாச்சு அண்ணா. இனி ஒரு ஆளத் தரமாட்டேன்."

நீட்டினேன்.

வலது குதிகாலில் ஒரு கரும்புள்ளி! யோகம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாளே நெய்யாற்றின்கரைக்கு என்னை இழுத்துச் சென்றவள் ரோஸ்லிதான். தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். மேல்தோலை மெல்லச் சுரண்டினார். புள்ளி உதிர்ந்தது!

"புதுச் செருப்பு போட்டீங்களா சாரே? ரத்தம் கட்டியிருக்கு, அவ்வளவுதான். ஆனா, சந்தேகம் வந்ததும் வந்தீங்க பாருங்க... அதாக்கும் புத்தி."

புத்தி யாருடையது என்று நான் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ரோஸ்லியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்போ அண்ணனுக்கு வெளிநாட்டு யோகம் இல்ல!"

புதிதாகத் தோன்றிய புள்ளியோ, நிறமும் வடிவும் மாறுகிற மச்சமோ தென்பட்டால் சோதிடரிடம் அல்ல, மருத்துவரிடம் போங்கள். இப்போதே காலை நீட்டிப் பாருங்களேன்... எதிரில் பெரியவர் யாரேனும் இருந்தால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்!