அண்ணன் ஏற்றாத சரக்கு

நான் குடியிருக்கும் தீவில் கடைக்குப் போய் வெங்காயம் கேட்டால், "டூட்டிகோரின் இன்னும் வரவில்லை" என்பார்கள். முதல்முறை கேட்டபோது திகைத்துப்போனேன். தூத்துக்குடிச் சரக்குத் தோணி வரவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லி, சிமென்ட் எல்லாம் எங்கள் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் ஏறி, மாலத்தீவுத் தலைநகர் மாலே வழியாக இங்கே வந்து இறங்குகின்றன. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்திலிருந்து கணக்கு டீச்சராக நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன். மாலத்தீவின் தென்கோடியில் ஒரு சின்ன ஊர். இந்தியா பெரிய நாடு என்பது எனக்கு அதுவரை பாடப்புத்தகச் செய்தி. இங்கே வந்த பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய உயரமான மதிலைப்போல அது தினமும் கண்ணில் படத் தொடங்கியது.

என் வீட்டுச் சொந்தக்காரி ஃபாத்திமத். கீழே கட்டுமானச் சாமான் கடை, மேலே நான். மீன் குழம்பு வைத்தால் எனக்கொரு கிண்ணம் மேலே வந்துவிடும். ஒருநாள் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர்தான் அந்த அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது. ஓட்டியவர்கள் இந்தியச் சிப்பாய்கள். ஃபாத்திமத் அவர்களில் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா பிழைத்துக்கொண்டார். அடுத்து வந்த தேர்தலில், அந்தச் சிப்பாய்கள் வெளியேற வேண்டும் என்ற ஸ்டிக்கர் அவள் கடைக் கதவில் ஒட்டியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கேட்டேன். அது வேறு, இது வேறு என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் குழம்பைக் கையில் கொடுத்தாள்.

அந்த விடுமுறைக்கு அவளும் என்னுடன் தூத்துக்குடிக்கு வந்தாள். என் அண்ணன் செல்வின் தோணிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஏஜென்ட். இடையில் ஆளில்லாமல் அவனிடமே சிமென்டும் ஜல்லியும் வாங்கினால் இருவருக்கும் நல்லது என்று யோசனை சொன்னவள் நான்தான். மதினி, பாய் கடையில் கறி வாங்கி பிரியாணி செய்திருந்தார். ஃபாத்திமத் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் அது நல்ல நேரம் இல்லை. மாலத்தீவு அமைச்சர்கள் சிலர் நம் பிரதமரைக் கேலி செய்துவிட்டார்கள் என்று, அங்கே யாரும் சுற்றுலா போகக்கூடாது என ஆளாளுக்கு இணையத்தில் பதிவு போட்டுக்கொண்டிருந்த நாட்கள். மதினியின் தம்பி தன் காலேஜின் மாலத்தீவு டூரை ரத்துசெய்ததைப் பெருமையாகச் சொன்னான். பேச்செல்லாம் தமிழில் நடந்ததால் அவளுக்கு எதுவும் புரியவில்லை.

மறுநாள் காலை பழைய துறைமுகத்தைப் பார்க்கப் போனோம். தோணியில் வெங்காய மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. அண்ணன் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். "ஏளா, இவ்வளவு சாமானும் நம்ம அனுப்புதோம். ஹெலிகாப்டரும் குடுத்தோம். ஆனா நம்ம ஆர்மிக்காரன் அங்க நிக்கக் கூடாதுன்னு சொல்லுதாவ. இது என்ன நியாயம்?" ஆர்மி என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. என்ன சொல்கிறார் என்று அவர்கள் மொழியான திவேஹியில் கேட்டாள். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்தாள். பிறகு, இந்தத் துறைமுகத்தில் வேறு நாட்டுச் சிப்பாய்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "இங்கன எவன் வந்து நிப்பான்? நிக்க விட்டுருவோமா?"

அதையும் திவேஹியில் சொன்னேன். "நாங்களும் அவ்வளவுதான் சொல்கிறோம்" என்றாள் ஃபாத்திமத். "என் அம்மாவைக் காப்பாற்றியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்காக அவர்கள் என் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்க வேண்டுமா?"

நான் தமிழில் சொல்லி முடித்தபோது அண்ணன் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குரல் உயரவில்லை. ஏற்றுக் கூலிக்காரர்கள் முன்னால் ஒரு பெண் தன்னை வாயடைக்க வைத்துவிட்டாள் என்பது மட்டும்தான் அவனுக்குள் தங்கியது. வீட்டுக்குத் திரும்பியதும், அவள் சரக்கைத் தன்னால் ஏற்ற முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். ஃபாத்திமத் இருந்த மிச்ச நாட்களில் மரியாதையாகச் சாப்பிட்டு, மரியாதையாக விடைபெற்றாள். இருவரும் நல்லவர்கள். இருவரையும் சேர்த்துவைக்கலாம் என்று நினைத்த என் ஆசைதான் அதிகம்.

அதன் பிறகு சிப்பாய்கள் போனார்கள். அதே ஹெலிகாப்டரை ஓட்டச் சீருடை இல்லாத இந்தியர்கள் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் இரு நாட்டுத் தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்ட படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கடைக் கதவில் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் மட்டும் இருக்கிறது. ஃபாத்திமத்தின் சிமென்ட் இப்போது வேறொரு நாட்டிலிருந்து, கூடுதல் விலைக்கு வருகிறது. தூத்துக்குடிக்குப் போனால் அண்ணன், "அந்தப் பொம்பளை நல்லாருக்காளா?" என்று கேட்கிறான். இங்கே அவள், பிரியாணி செய்த மதினி சுகமா என்று கேட்கிறாள். ஒரு போன் பண்ணிப் பேசு என்றால் இரண்டு பேருமே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். மீன் குழம்பு இன்னமும் மேலே வருகிறது. முன்போல அவளே வருவதில்லை. கடைப்பையன் கொண்டுவந்து கொடுக்கிறான்.

போன மாதம் இந்தியக் கப்பற்படையின் கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாக எங்கள் தீவுக்கு வந்தது. வரவேற்கப் பள்ளிக்கூடம் என்னை அனுப்பியது. ஊரே படகுத்துறைப் பாலத்தில் கூடியிருந்தது, ஃபாத்திமத்தும் வந்திருந்தாள். இறங்கியவர்களில் ஒரு பையன் தமிழில் பேசினான். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சாத்தான்குளமாம். நான் நாசரேத் என்றதும் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் தயங்கி, இந்த மக்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டான்.

"கோபமெல்லாம் இல்லை தம்பி. நீங்க விருந்தாளியா வந்தா நாங்க சந்தோஷமா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன்.

பையனும் கவனித்துவிட்டான். "நாங்களா? நீங்க நம்ம ஊருன்னுல்லா சொன்னீய, அக்கா?" என்றான்.

எனக்குப் பின்னால், அவன் என்ன கேட்கிறான் என்று ஃபாத்திமத் திவேஹியில் கேட்டாள். முன்னால் கப்பல், பின்னால் ஊர். யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல், இரண்டு பக்கமும் திரும்பாமல் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.