உரிமையாளரின் மனைவி

‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானைத் திரையில் கண்டதும் அக்கா எழுந்து நிற்பார். உட்கார்ந்துகொண்டு நிபந்தனைகளைப் படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் திரையில். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பார். பேருந்து நேரம் பார்க்கும் செயலியாக இருந்தாலும் இதே மரியாதைதான். நடுவில் நாம் ஏதாவது கேட்டுவிட்டால் விரலை எடுக்காமலே, “இரு தம்பி, பதினாலாவது பிரிவுல என்னமோ ஒளிச்சு வச்சிருக்கான்” என்பார்.

நான் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். அவர் அலுவலகத்துக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் காகிதம் பறக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நிறுவனங்களின் நிபந்தனைகளை நானும் காதால் கேட்டுவிட்டேன். எதையும் ஏற்றுக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் தொழில் மென்பொருள் எழுதுவது. அதுவும் ஒரே ஒரு மென்பொருள். டயாலிசிஸ் செய்யும் பிரிவுகளில் இயந்திரத்தோடு கூடிய நாற்காலிகள் கொஞ்சமாகவும் நோயாளிகள் நிறையவும் இருப்பார்கள். யார் எந்த நாளில் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஒழுங்கு செய்யும் மென்பொருள் அது. தனி ஆளாக எழுதினார். கைவிரல்களில் அடங்கிவிடும் அளவுக்குச் சில மருத்துவமனைகள் அதை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று கழித்துக்கட்டிய டயாலிசிஸ் நாற்காலியைத்தான் அக்கா வாங்கிவந்து அலுவலகத்தில் போட்டிருக்கிறார். கைப்பிடி கிழிந்து, அதன் மேல் டேப் ஒட்டி, அந்த டேப்பும் கிழிந்திருக்கும். அதில் சாய்ந்துகொண்டுதான் மடிக்கணினியைத் தட்டுவார். “நோயாளி மணிக்கணக்கா உக்கார்ற இடம். நமக்கு முதுகு வலிச்சாத்தானே அவங்க வலி தெரியும்?” என்பார். முதுகு வலிக்கு அவர் மாத்திரை போடுவதும் எனக்குத் தெரியும்.

மருத்துவமனைகளிலிருந்து நர்ஸ்கள் கூப்பிடுவார்கள். “சொல்லும்மா, எந்த நாற்காலி?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். நர்ஸ்களின் முகம் அவருக்குத் தெரியாது, நாற்காலிகளைத் தெரியும். மென்பொருளில் கோளாறு வந்தால் கோளாறு என்று சொல்லமாட்டார். “இன்னிக்கு அடம் புடிக்குதா? ராத்திரி அப்டேட் குடுத்தேன், செரிக்கல போல” என்பார். அரை மணியில் சரியாகிவிடும். அவர்கள் நன்றி சொல்வதற்கு முன்பே தொலைபேசியை வைத்திருப்பார்.

இப்படி யார் கண்ணையும் உறுத்தாமல் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்ததுதான் சந்தை.

மருத்துவமனைகளின் தகவல்கள் நாட்டின் எல்லை தாண்டிப் போகக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். அதை ஒட்டி அரசே இணையத்தில் ஒரு கிளவுட் சந்தையைத் திறந்தது. மென்பொருள் விற்பவர்கள் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனைகள் அதில் இருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவற்றையும் ஒப்பந்தம் முடியும்போது சந்தை வழியாகத்தான் புதுப்பிக்க வேண்டும். சந்தையில் இல்லாதவர் மருத்துவமனையிலும் இருக்க முடியாது. அக்காவின் பிழைப்பு மட்டுமல்ல, அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தச் சந்தையின் வாசலில் போய் நின்றது.

அக்கா அசரவில்லை. நிறுவனத்தைப் பதிவு செய்தார். வரி எண் வாங்கினார். வங்கியில் கடிதம் வாங்கினார். பாதுகாப்புச் சோதனைக்கு ஒருவர் வந்து, மென்பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். விளக்கக் குறிப்பில் ‘நோயாளி’ என்று எழுதக் கூடாதாம், ‘பயனாளர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். “ஊசி குத்திக்கிட்டுக் கிடக்கறவரு என்னத்தைப் பயனாள்றாரு?” என்று சண்டை போட்டுத் தோற்றார். சின்னம் சதுரமாக இருக்க வேண்டும் என்றார்கள். அக்காவின் சின்னம் ஒரு சாய்வு நாற்காலி, நீளமானது. அதைச் சதுரத்துக்குள் அடக்கிக் கொடுத்தவன் நான்தான். நாற்காலியின் காலை வெட்ட வேண்டியதாயிற்று.

எல்லாம் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அக்காவின் அடையாள எண்ணைப் போட்டதும் சிவப்பில் ஒரு வரி வந்தது: இந்த எண் வாங்குபவராக ஏற்கெனவே பதிவாகியுள்ளது, விற்பவராக முடியாது.

நடந்தது இதுதான். சந்தை திறந்த புதிதில், தன்னைப் போல் வேறு யார் இருக்கிறார்கள், என்ன சொல்லி விற்கிறார்கள் என்று பார்க்க அக்கா ஆசைப்பட்டிருக்கிறார். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் வாங்குபவராகப் பதிவு செய்ய வேண்டும். செய்தார். கடை போடுகிறவன் பக்கத்துக் கடையை எட்டிப் பார்ப்பதில்லையா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஒரே ஆள் விற்பவராகவும் வாங்குபவராகவும் இருந்து, தன் சரக்குக்குத் தானே புகழ் பாடிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி. கணக்கை மூடினாலும் அந்த எண்ணின் மேல் பூட்டு பல வருஷம் கிடக்கும்.

“படிக்காம அழுத்திட்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஒரு வரி விடாம படிச்சேன் தம்பி. நீயும்தான் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பே. வாங்கறவங்க நிபந்தனையில அது இல்ல. விக்கறவங்க நிபந்தனையில இருக்கு. அது விக்கறவங்களா உள்ள போனாத்தான் திறக்கும்.”

உதவி மையத்தில் ஒரு பெண் பேசினாள். பாவம், நல்ல பெண். “எனக்குப் புரியுது மேடம். நானும் அழுத்தி அழுத்திப் பாக்கறேன். சிஸ்டம் விடமாட்டேங்குது.” அவளுடைய மேலாளர் பேசினார். அவருக்கும் சிஸ்டம் விடவில்லை. சிஸ்டத்துக்கு மேலாளர் யார் என்று கேட்டதற்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி நாலு வார்த்தை சொன்னேன். அக்கா சொன்னார்: “ரூல் சரியான ரூல்தான் தம்பி. நான்தான் தப்பான ஆளு.”

ஒரே வழிதான் மிச்சம். நிறுவனத்தை வேறொருவர் பெயருக்கு எழுதிக்கொடுத்து, அவர் விற்பவராகப் பதிவு செய்ய வேண்டும். அவர் இந்த மண்ணிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் மகள் ஆகமாட்டாள். மிஞ்சியவர் அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் அல்ல. படியேறி வந்தால் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். ஆனால் மனைவியின் தொழிலை அவர் எப்போதும் ‘பொட்டி தட்டறது’ என்றுதான் சொல்லுவார். விஷயத்தைக் கேட்டதும், “இதுக்கா இவ்வளவு கவலை? எந்தச் சரக்கா இருந்தா என்ன, விக்கறது ஒரே வித்தைதானே” என்றார்.

வக்கீல் அறைக்கு நான் சாட்சியாகப் போயிருந்தேன். அக்கா எழுந்து நின்று பத்திரம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். தன் சொத்தைத் தான் கைவிடுகிற வாசகத்தைத் தன் குரலிலேயே படித்தார். வீட்டுக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனா நன்றாக எழுதுகிறது என்றார். “வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது, கவலைப்படாதீங்கம்மா” என்று வக்கீல் சமாதானம் சொன்னார். “வீட்டுக்குள்ளன்னா எந்த ரூம்லங்க?” என்று அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சந்தையின் பதிவில் அக்காவுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். மாற்றுத் தொடர்பு: உரிமையாளரின் மனைவி.

அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் பேச்சு படிப்படியாக மாறியதை நான் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். முதலில் ‘இவளோட சாஃப்ட்வேர்’. கொஞ்ச நாளில் ‘எங்க சாஃப்ட்வேர்’. அப்புறம் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்தார். நிறுவனர் என்று போட்டிருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். “என் கம்பெனிக்கு ஏதாவது டிசைன் வேலை வந்தா உங்களுக்குத்தான் தருவேன்” என்று தட்டிக்கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அந்தக் கார்டைப் புரட்டிப் பார்த்து, “எழுத்து நல்லாருக்குங்க” என்றார். தன் மென்பொருளுக்குத் தானே பினாமி தேடிக்கொண்ட மனுஷி வேறு என்ன சொல்ல முடியும்?

பினாமிகள் புகுந்துவிடக் கூடாது என்று சந்தைக்காரர்களுக்கும் கவலை இருந்தது. அதனால் கடைசியாக ஒரு நேர்காணல். அதிகாரி வீடியோவில் வருவார். விண்ணப்பதாரர் அறையில் தனியாக இருந்து, தன் சரக்கைப் பற்றித் தானே பதில் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்காரரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல் பாடம் நடத்தினார். எல்லாம் ஓரளவு ஏறியது. ஒன்றில் மட்டும் அவர் முரண்டு பிடித்தார்.

மற்ற மென்பொருள்களில், நோயாளி நேரத்துக்கு வராவிட்டால் அவருடைய நாற்காலி தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். பெரிய நிறுவனங்கள் அதைத்தான் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. அக்காவினுடையது அப்படிச் செய்யாது. முதலில் அந்த நோயாளிக்கு ஃபோன் செய்யச் சொல்லும். நர்ஸ் பேசி, என்ன ஆயிற்று என்று பதிவு செய்தால்தான் நாற்காலியை விடும்.

“ஆளு வரலைன்னா அடுத்தவனுக்குக் குடுக்கறதுதானே நியாயம்? கடையில அப்படித்தான் செய்வோம்” என்றார் வீட்டுக்காரர்.

“இது கடை இல்லீங்க. எங்க அண்ணன் நாற்காலியை அப்படித்தான் குடுத்தாங்க. பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு, லேட்டாப் போனான், நாற்காலியில வேற ஆளு. அடுத்த முறை வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த முறை ஏது? நீங்கதானே உங்க மச்சானைத் தூக்கிட்டுப் போனீங்க, மறந்துபோச்சா?”

“ஞாபகம் இருக்கும்மா” என்றார் அவர், குரல் தணிந்து. தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் வேலையை நிறுத்திவிட்டேன். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அக்கா இந்த மென்பொருளையே எழுதியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நேர்காணலின்போது அக்கா வராந்தாவில் கதவோரம் நின்றார். நான் என் வாசலில் நின்றேன். அதிகாரியின் குரல் மடிக்கணினியிலிருந்து தெளிவாகக் கேட்டது.

“உங்களோட வேற யாராவது இருக்காங்களா?”

“இல்லைங்க, நான் மட்டும்தான்.”

“கேமராவைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க.”

கதவின் மேல்பாதி கண்ணாடி. அக்கா சட்டென்று சுவரோடு சுவராகச் சரிந்து, கண்ணாடிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் வாடகை கொடுக்கிற அலுவலகத்தின் வாசலில்.

“இதை உருவாக்கினது யாரு?”

“நான்தாங்க.” திக்காமல் திணறாமல் வந்தது பதில். டைல்ஸ் விற்ற குரல்.

“ஒரு பயனாளர் நேரத்துக்கு வரலைன்னா உங்க சாஃப்ட்வேர் என்ன செய்யும்?”

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா கழுத்தை நீட்டிக் கதவையே பார்த்தார்.

“உடனே அடுத்த ஆளுக்கு நாற்காலியைக் குடுத்துடுங்க. ஒரு நிமிஷம்கூட வீணாகாது.”

“ரொம்ப நல்ல வசதி” என்றார் அதிகாரி.

அக்காவின் வாய் திறந்தது. இரண்டு கைகளாலும் அதை இறுகப் பொத்திக்கொண்டார்.