திருப்பிப் போட்ட கையுறை

பட்டறையில் ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை. மருத்துவச் செலவு முதலாளி தலையில். 'அவள்மேல் தவறில்லை' என்று தொழிலாளர் அலுவலகம் முத்திரையிட்ட ஒரு தாள். இத்தனையையும் வாங்கியது பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருத்தி. வலது கையை மட்டும் அவளால் திரும்ப வாங்க முடியவில்லை.

அக்காவுக்கு எட்டாவது வரை படிப்பு, தங்கைக்கு அடுப்பு என்று பிரித்த வீட்டில் பிறந்தவள். வளர்ந்ததும், பழைய மின்சாரக் கார்களின் பேட்டரியைப் பிரிக்கிற பட்டறையில் சேர்ந்தாள். மூடியைத் திறந்து, செல் அடுக்குகளைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். சார்ஜ் நிற்பவை கடைகளில் விளக்கெரிக்கப் போகும், நிற்காதவை அரவைக்கு.

வேலை செய்யும்போது இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு கையில் மின்சாரம் பட்டால் கையோடு போகும். இரண்டிலும் பட்டால் நெஞ்சு வழியாகப் போகும். முதலாளி இதிலும் ஒரு சிக்கனத்தைக் கண்டுபிடித்தார்.

"ஒத்தைக் கைதானே வேலை செய்யுது? அப்புறம் எதுக்கு ஜோடி?"

பக்கத்து மேசைக்காரிக்கு வலது உறை. இவளுக்கு இடது உறை. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் வலது கைக்குப் பொருந்தும். திருப்பித் திருப்பிப் பெருவிரல் மடிப்பில் வெடிப்பு விட்டது. சூப்பர்வைசரிடம் காட்டினாள்.

"மகாராணிக்குப் பட்டுல தைக்கச் சொல்லட்டுமா? செத்த பேட்டரிம்மா அது. திற."

அது சாகவில்லை. பொறி பறந்ததில் ரப்பர் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்தார்கள். மறுநாளே அவள் மேசையில் புதியவள் ஒருத்தி உட்கார்ந்தாள், இன்னோர் இடது உறையோடு.

இவளுக்கு மயக்கம் தெளிந்ததும் சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பழத்துக்கு அடியில் மைப்பெட்டி. கொண்டுவந்த தாளை அக்கா உரக்கப் படித்தாள்: உறை போடாமல் வேலை செய்தது என் தவறு. கீழே சாட்சியாகப் பக்கத்து மேசைக்காரியின் ரேகை.

"அவளுமா?"

"அவளுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல. விரலை வை தங்கச்சி. இல்லேன்னா ஆஸ்பத்திரி பில்லு உன் தலையில" என்றார் சூப்பர்வைசர்.

இருந்த ஒரு கையையும் பிடித்து இழுத்தார். அவள் அதைப் பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுப் படுத்துக்கொண்டாள். வலியில் பல்லைக் கடித்தாளே தவிர, விரலைக் கொடுக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இப்படியே படுத்திருப்பே? பார்க்கலாம்."

அவர் போனபின் சொன்னாள்: "அக்கா, நான் தூங்கினா விரலைப் பிடிச்சு வெச்சிடுவாங்க. கையெழுத்துன்னா நான் முழிச்சிருக்கணும்ல?"

கட்டில் தலைமாட்டு அட்டையில் அவள் பெயர் இருந்தது. மருந்துச்சீட்டின் முதுகில், இடது கையால், அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். காக்கா கீறியதுபோல் வந்தது. கிழித்துப்போட்டு மறுபடி வரைந்தாள். கையிலிருந்து உரித்த ரப்பரை மருத்துவர் ஒரு குப்பியில் போட்டு வைத்திருந்தார். உறை போட்டிருந்தாள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதையும் குறிப்பிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்கு அக்கா மனு எழுதினாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை நகர்த்தினார்.

"அதை மூடி வைங்க சார். பேனா குடுங்க."

கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே சறுக்கி விழுந்தது. ஆனாலும் அது அவள் பெயர்தான். 2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.