இறக்காமல் விட்ட கொடி

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மலைக்கு வரும் ஒரே பேருந்தின் நடத்துனர் வழக்கமாக ஜன்னல் வழியாகவே தபாலைக் கொடுத்துவிட்டுப் போவார். அன்று இறங்கி வகுப்பு வாசல்வரை வந்தார்.

"சரோஜா டீச்சர் போய்ட்டாங்க சார். விடிகாலைல. நெஞ்சுவலியாம். சொந்த ஊரு படவேட்டுலதான் எடுக்குறாங்க, நாளைக்கி."

கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதியிருந்தேன். அதை முடிக்கவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தொன்று.

ஜவ்வாது மலையில் எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் அவர் ஆறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் நானும் உடன் இருந்தேன். அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களுக்காகவும். அவர் ஏன் மலையைவிட்டு அனுப்பப்பட்டார் என்று கேட்டால், அறிந்தவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். அது பாதிதான். மறுபாதி என்னிடம் இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த முதல் வாரம். சென்னையில் எம்.ஏ. முடித்த கையோடு வந்திருந்தேன். பெட்டி நிறையப் புத்தகங்கள். பக்கத்து வகுப்பில் டீச்சர் தேசியச் சின்னங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பொறுக்கி வந்த மயில் இறகுகள் தரையில் கிடந்தன. தேசியப் பறவை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குப்பி என்ற சிறுமி எழுந்தாள்.

"இதுவா டீச்சர்? இது எங்க சாமையெல்லாம் தின்னுட்டுப் பூடுது. எங்கப்பா கல்லால அடிப்பாரு."

வகுப்பு சிரித்தது. டீச்சர் அதட்டவில்லை.

"எத்தினி வந்துச்சு? எந்தப் பக்கமா வந்துச்சு? வா, காட்டு."

வகுப்பையே குப்பியின் சாமைக்கொல்லைக்கு அழைத்துப் போனார். ஈர மண்ணில் மயிலின் கால்தடம். பிள்ளைகள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அதை வரைந்தார்கள். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்:

"புத்தகத்துல மயிலு ஆடிக்கினே கீது சார். இதுங்க பாத்த மயிலு திங்குது. ரெண்டும் ஒரே மயிலுதான்னு சொல்ல வேணாமா?"

தாமரைக்கும் அப்படித்தான். பிள்ளைகளில் யாரும் தாமரையைப் பார்த்ததில்லை. ஒரு திங்கட்கிழமை படவேட்டிலிருந்து தூக்குவாளியில் ஈரத்துணி சுற்றி ஏழு மொட்டுகள் கொண்டுவந்தார். வழியில் பேருந்து நின்றுவிட்டது. மீதி ஏற்றத்தை நடந்தே வந்தார். வந்து சேரும்போது மொட்டுகள் தலை சாய்ந்திருந்தன. நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

"வாடினாலும் எண்ணலாம் சார்" என்றார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து இதழ் இதழாகப் பிரித்து எண்ணினார்கள்.

அடுத்த ஆண்டு சுதந்திர தினத்துக்குப் பத்து நாள் முன்பு பள்ளிப் பெட்டியைத் திறந்தோம். கொடியைக் கரையான் அரித்திருந்தது. தலைமையாசிரியர் இடம் காலி. டீச்சர்தான் பொறுப்பு. கீழே போய் வாங்கி வரலாம் என்றேன். அவர் ஒரு வெள்ளைக் கதர்த்துண்டை எடுத்து வந்தார்.

"நாமளே பண்ணலாம் சார். பண்ணினா மறக்காது."

மேல்நிறத்துக்கு மஞ்சளும் கொஞ்சம் சுண்ணாம்பும். மஞ்சளைப் பிள்ளைகளின் தாய்மார் அரைத்து அனுப்பினார்கள். பச்சைக்கு, சிலேட்டில் தேய்க்கும் கோவை இலையின் சாறு. சக்கரத்துக்குச் சொட்டு நீலம். வட்டம் போட ஒரு வளையல். ஆரக்கால் இருபத்து நான்கு என்று சொல்லிக் கொடுக்க, ஆளுக்கொரு மாட்டுக்கயிறு கொண்டுவரச் சொன்னார். முற்றத்தின் நடுவில் ஒரு முளை. அதில் எல்லாக் கயிறும். பிள்ளைகள் நுனியைப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். இருபத்து மூன்று பேர்தான். ஒரு கால் குறைந்தது.

"சார், நீங்களும் வாங்க."

"ஐ, சார் மாடு! சார் மாடு!"

"ஏய், மாடு நீங்கதான்டா. இழுத்துப் புடிங்க, சக்கரம் கோணுது!"

அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சுதந்திர தினத்தன்று காலை கொடி ஏறியது. மஞ்சள் அரைத்துக் கொடுத்த தாய்மார் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். கம்பத்தின் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். டீச்சர் தடுக்கவில்லை.

மாலை. டீச்சர் கொடியை இறக்கப் போனார். ஊர் நாட்டாமை வெள்ளையன் குறுக்கே வந்தார்.

"இன்னா டீச்சரம்மா பண்றீங்க? ஏத்துன கொடிய அன்னிக்கே எறக்குவாங்களா? மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு. மூணு நாளு நிக்கணும். இல்லன்னா ஊருக்கு ஆவாது."

"இது சாமி கொடி இல்லண்ணே. நாட்டுக் கொடி. பொழுது சாய எறக்கிடணும், அதான் சட்டம்."

"ஏன், பொழுது சாஞ்சா நாடு படுத்துக்குமா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

நான் அருகில் நின்றிருந்தேன். படித்த புத்தகங்கள் எல்லாம் அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தன. மக்களின் நம்பிக்கை. சட்டத்தைவிட அது பெரியது. இன்னும் என்னவோ. கடைசியில் சொன்னேன்:

"விட்டுடுங்க டீச்சர். இந்த மலைக்கு யார் வரப்போறாங்க? மூணு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். "படிச்சவரு சொல்றீங்க" என்றார். கிண்டல் இல்லை. முடிச்சை மறுபடி இறுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

மறுநாள் மழை. அந்த மழையில் ஒரு ஜீப். அதிகாரி இறங்கி நின்று பார்த்தார். கொடி கம்பத்தோடு ஒட்டியிருந்தது. கோவைச் சாறு கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை ஒரு மாதம் கழித்து, கீழே அலுவலகத்தில். கொடியை இரவெல்லாம் இறக்காமல், மழையில் நனைய விட்டு அவமதித்ததாகக் குற்றச்சாட்டு. என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம் இருந்தது. எழுதினேன்: 'காலை விழா முடிந்ததும் கலசப்பாக்கம் சென்றுவிட்டேன். மாலையில் நான் பள்ளியில் இல்லை.' கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை டீச்சரிடம் காட்டினார்கள். படித்தார். மறுப்பு உண்டா என்றார்கள். இல்லை என்றார். வெளியே வந்ததும், "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவரைச் செங்கம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து இரண்டு அஞ்சலட்டைகள் வந்தன. இரண்டிலும் பிள்ளைகளைப் பற்றித்தான் விசாரித்திருந்தார். முதலாவதற்குப் பதில் எழுதினேன். இரண்டாவதற்கு இல்லை.

புதன்கிழமை படவேட்டுக்குப் போனேன். மலையிலிருந்து முப்பது பேர் நடந்தே இறங்கி வந்திருந்தார்கள். குப்பி இப்போது வளர்ந்த பெண். டீச்சரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எரித்துவிட்டு வந்து கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் கால் கழுவினோம். வெள்ளையன் என் பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார், மொகத்த இப்டி வெச்சிகினு கீறே?"

"அன்னிக்குக் கொடியை விடச் சொன்னது நான்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

"ஆபீசர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு பத்து பேரு கெளம்பிட்டோம். டீச்சரம்மாதான் வுடல. 'சாரு சின்ன வயசு, வேல இன்னும் நெலைக்கல. என்னிய எறக்குனா கீழ வேற பள்ளிக்கூடத்துல போடுவாங்க. அவர எறக்குனா வூட்டுக்குத்தான் போவாரு. சும்மா இருங்கண்ணே'ன்னாங்க." துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "அவரே ஒரு நாளு வந்து சொல்லுவாருன்னாங்க. நானும் வருசா வருசம் போயி அவங்களக் கேட்டுப் பாத்தேன். இன்னும் வரலண்ணே, வருவாருன்னாங்க."

செங்கத்துக்கு எங்கள் மலையிலிருந்து அரை நாள் பயணம். நான்கு ஆண்டுகள் இருந்தன.

மலைக்காரர்கள் வரிசையாக ஏற்றத்தில் போனார்கள். அவர்களோடு நடக்க எனக்குக் கால் வரவில்லை. கடைசிப் பேருந்துக்காக நின்றேன்.

இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை என் கையெழுத்தோடு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அவரை இனி எங்கும் மாற்ற முடியாது என்பது மட்டும் தெரியும்.

டீச்சர், அன்று மாலை கயிற்றில் இருந்தது உங்கள் கை. அவிழ்த்துக்கொண்டிருந்த கை. நிறுத்தியது என் குரல்.

வரத் தாமதமாகிவிட்டது. போய் வாருங்கள்.