கால்வாய்ப் படகில் வந்த பாய்

நாற்பதுகளில் நான் ஐந்தாம் பாரம் படித்தபோது, மகாபலிபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க மயிலாப்பூரிலிருந்து கால்வாய்ப் படகில் எங்கள் வகுப்பை அழைத்துப் போனார்கள். அதே படகில் தோல் வியாபாரி ஒருவரும் வந்தார். வெள்ளைத் தாடி, வெயிலில் சிவந்த முகம், பக்கத்தில் ஒரு மண்கூஜா. யாருக்குத் தாகம் எடுத்தாலும் அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். பேய்க் கதை சொல்லி எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார்.

யாரிடமும் பேசக் கூசும் நான், மத்தியானம் துணிந்து என் இட்லிப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பக்கத்திலிருந்த என் சிநேகிதன் விடவில்லை. "இட்லி மேல இன்னா கோவம் பாய்? துன்னவே இல்லியே!"

"கோவமா? பொழுது சாயட்டும், அப்பால பாரு நைனா!" என்று சிரித்தார்.

சூரியன் மறைந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். "நோன்பு மாசம்டா. விடியக்காலையிலேருந்து இதுதான் அவருக்கு முதல் வாய்" என்றார் வாத்தியார் மெதுவாக.

காய்ந்துபோன அந்த இட்லியை அவர் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். அன்று மட்டும் நான் அவர் கையால் ஐந்தாறு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பேன். அவ்வளவு தாகத்தில் ஒரு மனிதர் எப்படி அப்படிச் சிரித்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.